கூரையைப் பழுதுபார்க்கக் காப்பீடு பணம் தருமா? வாசகர் கேள்வி பதில்

வீட்டுக் காப்பீடு தொடர்பாக வந்த கடிதங்களில் கூரையைப் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதல் கேள்வி மற்றவற்றுக்கும் அடிப்படையாக இருப்பதால் அதற்கான விடை சற்று நீண்டிருக்கிறது.

கேள்வி: எங்கள் வீடு ஓடு வேய்ந்தது. கூரை போட்டு 18 ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் அடித்த புயலில் ஒரு பக்கத்து ஓடுகள் பறந்து, மழைநீர் உள்ளே இறங்கி, இரண்டு அறைகளின் உட்கூரை ஊறிவிட்டது. பிரீமியத்தை ஒரு தடவைகூடத் தவறாமல் கட்டி வந்திருக்கிறோம். காப்பீட்டு நிறுவனமோ, கூரை பழையது என்றும் சேதத்துக்குத் தேய்மானமே காரணம் என்றும் இரண்டே வரியில் எழுதி மறுத்துவிட்டது. கூரைக்குக் காப்பீடு உண்டா, இல்லையா?

பதில்: உண்டு. கட்டடத்துக்கு எடுக்கப்பட்ட காப்பீட்டில் சுவரும் தரையும் போலக் கூரையும் அடக்கம். தீ, இடி, புயற்காற்று, ஆலங்கட்டி மழை, மரம் விழுதல், பனிச்சுமை போன்று திடீரென்றும் எதிர்பாராமலும் நேர்ந்த ஒன்றால் கூரை சேதமடைந்தால், அதைச் சீர்செய்யும் செலவைப் பெரும்பாலான வீட்டுக் காப்பீடுகள் ஏற்கின்றன. வெயிலிலும் மழையிலும் நாள்பட நைந்துபோவது, துரு, பாசி, கரையான், கட்டுமானக் கோளாறு, பராமரிக்காமல் விட்டது ஆகியவற்றால் வரும் சேதத்தை அவை ஏற்பதில்லை. நேரலாம், நேராமலும் போகலாம் என்னும் இழப்பைப் பலர் சேர்ந்து பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுதான் காப்பீடு. எந்தக் கூரையும் என்றேனும் ஒருநாள் நைந்தே தீரும் என்பதால் அந்தச் செலவு வீட்டுக்காரரின் பொறுப்பாகவே விடப்பட்டிருக்கிறது. ஆகையால் கூரைக்குக் காப்பீடு உண்டா என்று கேட்பதைவிட, கூரை எதனால் கெட்டது என்று கேட்பதே உங்களுக்குப் பயன் தரும்.

இந்த அளவில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வழக்கு எழுவது உங்களுடையதைப் போன்ற நிலைமையில்தான்: கூரையும் பழையது, புயலும் உண்மையாகவே அடித்தது. இரண்டில் எதைக் காரணம் என்று கொள்வது?

முதலில் உங்கள் பாலிசி எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். சில பாலிசிகள் இன்னின்ன இடர்களுக்கு மட்டும் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடும். சில, விலக்கப்பட்டவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் என்று எழுதப்பட்டிருக்கும். முதல் வகையில், பட்டியலில் உள்ள ஓர் இடரால்தான் சேதம் நேர்ந்தது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. இரண்டாம் வகையில், சேதம் நேர்ந்ததைக் காட்டினாலே போதும். எந்த வகையாயினும், இந்தச் சேதம் விலக்கின் கீழ் வருகிறது என்று நிறுவனம் சொன்னால், அதை நிறுவ வேண்டியது பொதுவாக நிறுவனத்தின் கடமை. எனவே கூரை பழையது என்ற ஒரு வாசகம் மறுப்புக்குப் போதுமான காரணம் ஆகாது. 18 ஆண்டுகளாக ஒழுகாமல் நின்ற கூரை ஒரே இரவில் பறந்ததென்றால், அந்த இரவில் நடந்தது என்ன என்பதற்கு நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரே சேதத்துக்குப் பல காரணங்கள் சேரும்போது எதை முதன்மையானதாகக் கொள்வது என்பது காப்பீட்டுச் சட்டத்தின் பழைய கேள்வி. இதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு ஒரு கப்பலைப் பற்றியது. முதல் உலகப் போரின்போது, 1915 ஜனவரியில், 'இக்காரியா' என்ற பிரிட்டிஷ் கப்பல் ஜெர்மன் டார்பிடோவால் தாக்கப்பட்டது. அது மூழ்காமல் பிரான்சின் லே ஹாவர் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டுக் கரையில் கட்டப்பட்டது. காற்று பலமாக வீசிக் கப்பல் கரையில் மோதத் தொடங்கியதால் வேறிடத்துக்கு மாற்றப்பட்டு, அங்கே அலை ஏற்றத்திலும் இறக்கத்திலும் தரை தட்டித் தட்டி இறுதியில் உடைந்து மூழ்கியது. கடல் இடர்களுக்குக் காப்பீடு இருந்தது. போரால் வரும் சேதத்துக்கு விலக்கு இருந்தது. கடைசியாக நடந்தது காற்றும் அலையும் என்றாலும், கப்பலின் அழிவுக்கு மெய்யான காரணம் டார்பிடோவே என்று அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1918இல் தீர்ப்பளித்தது. காலத்தால் கடைசியில் வருவதை விட்டு, விளைவை உண்டாக்கியதில் மேலோங்கி நிற்பதையே காரணமாகக் கொள்ள வேண்டும் என்ற நெறி அதனால் உறுதிப்பட்டது.

இந்த நெறி வீட்டுக்காரருக்குச் சாதகமாகவும் எதிராகவும் வேலை செய்யும். ஆணிகள் முழுதும் துருப்பிடித்து, ரீப்பர்கள் உளுத்து, ஒரு சாதாரண காற்றுக்கே ஓடுகள் சரியும் நிலையில் கூரை இருந்திருந்தால், புயல் ஏற்கெனவே முடிந்துபோன கதையை வெளியே காட்டியது என்றுதான், சேதத்தைப் பார்வையிட நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் எழுதுவார். கூரை பழையதானாலும் திடமாக இருந்து, அக்கம்பக்கத்தில் இருந்த நல்ல கூரைகளையும் பெயர்த்த காற்றில் அதுவும் பெயர்ந்திருந்தால், மேலோங்கிய காரணம் புயல்தான். பிரிட்டனில் நிதிச் சேவைகளுக்கான ஓம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பு அலுவலகம், இத்தகைய புகார்களில் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. சேதம் நேர்ந்ததாகச் சொல்லப்படும் நாளில் புயல் நிலைமை இருந்ததா? அந்தச் சேதம் புயல் வழக்கமாக உண்டாக்கும் வகையைச் சேர்ந்ததா? புயல்தான் முதன்மைக் காரணமா? மூன்றுக்கும் ஆம் என்றால் கோரிக்கை பொதுவாக ஏற்கப்பட வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் உங்கள் மேல்முறையீட்டை இந்த மூன்று கேள்விகளின் வரிசையில் எழுதுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

முதல் கேள்விக்கு விடை வானிலைப் பதிவில் இருக்கிறது. பிரிட்டனின் காப்பீட்டு நிறுவனங்களுடைய சங்கம் வகுத்துள்ள வழிகாட்டி வரையறையில், மணிக்கு 55 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டருக்குக் குறையாத காற்று வீச்சு, ஒரு மணி நேரத்தில் 25 மில்லிமீட்டர் மழை போன்ற அளவுகள் உள்ளன. பல பாலிசிகள் எந்த அளவையும் சொல்வதில்லை. சொல்லாதபோது அளவை நிறுவனம் பின்னர் தன் விருப்பப்படி இட்டுக்கொள்ள முடியாது. உங்களுக்கு அருகிலுள்ள வானிலை நிலையத்தின் அன்றைய பதிவைக் கேட்டுப் பெறுங்கள். காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதால், பதிவில் சராசரி வேகத்தைவிட உச்ச வீச்சு எவ்வளவு என்பதே முக்கியம்.

இரண்டாம், மூன்றாம் கேள்விகளுக்கு விடை கூரையின் மேலேயே இருக்கிறது. காற்று கூரையைத் தாண்டிப் போகும்போது அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சல் மூலைகளிலும், இறவாரத்திலும், மோட்டுப் பகுதியிலும் மிக அதிகம். புயலால் பெயர்ந்த ஓடுகள் அந்த இடங்களில், காற்று வந்த திசைக்கு ஏற்ப ஓர் ஒழுங்கில் காணப்படும். நைந்து விழுந்தவை அப்படி இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். உடைந்த ஓட்டின் விளிம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள்: புதிய உடைவு சுத்தமாக, ஓட்டின் உள்நிறத்தோடு பளிச்சென்று இருக்கும், பழைய உடைவின் விளிம்பில் அழுக்கும் பாசியும் படிந்து கறுத்திருக்கும். உட்கூரையின் ஈரக் கறையும் இதே போல் பேசும். ஒரே தடவை நனைந்த இடத்தில் கறை ஒரே விளிம்போடு இருக்கும். பல மழைக்காலங்களாக ஒழுகிய இடத்தில், வெட்டிய மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாகப் பழுப்புக் கோடுகள் படிந்திருக்கும். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் வீட்டுக்குள் நுழைந்தவுடன் அண்ணாந்து பார்ப்பது இந்தக் கோடுகளைத்தான். உங்கள் உட்கூரையில் ஒரே கோடு இருக்குமானால் அதை அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட வலுவான சாட்சி கிடைப்பது அரிது.

இனிச் செய்ய வேண்டியது இது. பாலிசியின் எந்தப் பிரிவின் எந்த வாசகத்தின்படி மறுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மதிப்பீட்டாளரின் அறிக்கைப் படியையும் கேளுங்கள். நிறுவனத்தோடு தொடர்பில்லாத கூரை வேலைக்காரர் ஒருவரையோ பொறியாளரையோ அழைத்து, சேதத்தின் காரணத்தைப் பற்றி அவருடைய கருத்தை எழுதி வாங்குங்கள். செலவு மதிப்பீடு மட்டும் வாங்கிக்கொண்டு நிற்பவர்கள் பலர். உங்கள் வழக்கில் செலவைப் பற்றிய சண்டையே இல்லை, காரணத்தைப் பற்றிய சண்டைதான் என்பதால் அறிக்கை காரணத்தைப் பேச வேண்டும். முந்தைய பராமரிப்பு ரசீதுகளும், புயலுக்கு முன் வீட்டு வாசலில் எடுத்த குடும்பப் படங்களில் கூரை தெரிந்தால் அவையும் உதவும். இவற்றோடு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் முறையிட்டு, அங்கும் மறுத்தால் உங்கள் நாட்டின் காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடமோ ஒழுங்குமுறை அமைப்பிடமோ கொண்டுபோகலாம். அதற்குக் காலக்கெடு உண்டு. மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்தே அதை எண்ணத் தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: மதிப்பீட்டாளர் வர ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். மழை நிற்கவில்லை. அவர் பார்ப்பதற்கு முன்னால் கூரையில் கை வைத்தால் பணம் வராது என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார். அப்படியே விடுவதா?

பதில்: விடக் கூடாது. சேதம் மேலும் பெருகாமல் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது பாலிசிதாரரின் கடமை என்று ஏறத்தாழ எல்லாப் பாலிசிகளிலும் எழுதப்பட்டிருக்கும். திறந்து கிடந்த கூரையின் வழியே மேலும் ஒரு வாரம் மழை இறங்கி வந்த சேதத்தை, நீங்கள் தடுத்திருக்கலாம் என்று சொல்லி நிறுவனம் கழித்துவிட முடியும். தார்ப்பாய் போட்டுக் கட்டுவது, உடைந்த இடத்தைப் பலகையால் மூடுவது, பொருள்களை நகர்த்துவது ஆகிய தற்காலிக வேலைகளை உடனே செய்யுங்கள். அதற்கான நியாயமான செலவும் பல பாலிசிகளில் திரும்பக் கிடைக்கும் என்பதால் ரசீதுகளை வைத்திருங்கள்.

பக்கத்து வீட்டார் சொல்வதில் உண்மை உள்ள பகுதி வேறு. நிரந்தரப் பழுதுபார்ப்பை, அதாவது புது ஓடு போடுவது, கைமரம் மாற்றுவது போன்றவற்றை, மதிப்பீட்டாளர் பார்ப்பதற்கு முன் செய்யக் கூடாது. தார்ப்பாய் போடுவதற்கு முன் தூரத்திலிருந்து முழுக் கூரையும் தெரியும்படி சில படங்களும், கிட்டத்தில் சில படங்களும் எடுத்துவிடுங்கள். பெயர்ந்து விழுந்த ஓடுகளையும் தகரத்தையும் ஆணிகளையும் குப்பையில் போடாமல் ஒரு மூலையில் குவித்து வையுங்கள். வீட்டைச் சுத்தம் செய்யும் அவசரத்தில் இவற்றை அள்ளிக் கொட்டிவிட்டுப் பிறகு காட்ட ஒன்றுமில்லாமல் தவிப்பவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இன்னொன்று: ஈரக் கூரையில் நீங்களே ஏறாதீர்கள். எந்த இழப்பீடும் அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

கேள்வி: ஆலங்கட்டி மழையில் கூரை முழுவதும் சேதமானது என்பதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால் புதுக் கூரைக்கு ஆகும் செலவில் பாதிகூடத் தரவில்லை. கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

பதில்: மூன்று இடங்களில் தொகை குறையலாம். உங்களுக்கு எந்த இடத்தில் குறைந்தது என்பதைக் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கித்தான் அறிய முடியும்.

முதலாவது தேய்மானக் கழிவு. பாலிசி இரண்டு அடிப்படைகளில் ஒன்றில் எழுதப்பட்டிருக்கும்: புதிதாக மாற்றித் தரும் செலவு, அல்லது சேதமான பொருளின் அன்றைய மதிப்பு. புதுக் கூரைக்கு ஆகும் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். அந்த வகைக் கூரையின் ஆயுள் 25 ஆண்டுகள் என்றும், உங்கள் கூரைக்கு 15 வயது என்றும் கொண்டால், 60 பங்கு தேய்ந்துவிட்டது. மிச்ச மதிப்பு 40. நாமே ஏற்க வேண்டிய முதல் பங்கு, அதாவது டிடக்டிபிள், 5 என்றால் கைக்கு வருவது 35. அன்றைய மதிப்பு என்று எழுதப்பட்ட பாலிசியில் கணக்கு இத்துடன் முடிந்துவிடும்.

புதிதாக மாற்றித் தரும் பாலிசியிலும் பல நிறுவனங்கள் முதலில் இதே 35ஐத்தான் அனுப்பும். வேலையை முடித்து, ரசீதுகளைக் கொடுத்த பிறகு பிடித்துவைத்த 60ஐயும் தரும். ஆக மொத்தம் 95. முதல் காசோலையைப் பார்த்து அவ்வளவுதான் என்று மனம் நொந்து, மீதியைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மீதியைக் கேட்கக் காலக்கெடு இருக்கும். வேலையை முடிக்காவிட்டால் அது கிடைக்காது. உங்களுக்கு நேர்ந்தது இதுவாக இருக்கலாம் என்பதால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

ஆயுளாக எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் கேளுங்கள். தார் பூசிய மெல்லிய பட்டைகளை அடுக்கி வேயும் ஷிங்கிள் கூரைகள் பொதுவாக 15 முதல் 30 ஆண்டுகள் வரை நிற்கும். சுட்ட களிமண் ஓடுகள் நன்றாகப் பராமரிக்கப்பட்டால் 50 ஆண்டுகளுக்கு மேலும் நிற்கும். ஓட்டுக் கூரைக்கு ஷிங்கிளின் ஆயுளைப் போட்டுக் கணக்கிட்டிருந்தால் தேய்மானம் நியாயமில்லாமல் கூடிவிடும். இதை எதிர்த்து எழுத உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டாவது, டிடக்டிபிள் எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்பது. நிலையான தொகையாக இருந்தால் சிக்கல் இல்லை. 1992இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ சூறாவளிக்குப் பிறகு, காற்றுக்கும் சூறாவளிக்கும் மட்டும் தனியாக, சதவீதக் கணக்கில் டிடக்டிபிள் வைக்கும் வழக்கம் அங்கே பரவியது. அந்தச் சதவீதம் சேதத்தின் மேல் இல்லை, முழு வீட்டின் காப்பீட்டுத் தொகையின் மேல். வீட்டின் காப்பீட்டுத் தொகை 1,000 என்றும் கூரையின் விலை அதில் 100 என்றும் கொண்டால், 2 சதவீதம் என்பது 20. காகிதத்தில் மிகச் சிறியதாகத் தெரிந்த அந்த 2 சதவீதம் கூரைச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. பாலிசி எடுக்கும்போதே இதை எடுத்துச் சொல்லாத முகவர் தம் கடமையைச் செய்யவில்லை என்றே கருதுகிறோம்.

மூன்றாவது, குறைவாகக் காப்பீடு செய்தது. பிரீமியத்தைக் குறைக்கும் நோக்கில் 1,000 பெறுமான கட்டடத்தை 600க்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், பல பாலிசிகளில் எந்தச் சேதத்துக்கும் 60 சதவீதமே கிடைக்கும். முழு வீடும் அழிந்தால்தான் இது பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். கூரையின் ஒரு மூலை போனாலும் பொருந்தும்.

இவற்றோடு, ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது வரும் இணைப்புத் தாள்களையும் படியுங்கள். கூரை குறிப்பிட்ட வயதைத் தாண்டியதும் அதை மட்டும் அன்றைய மதிப்பு அடிப்படைக்கு மாற்றும் நிபந்தனையும், தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்து வெறும் பள்ளம் மட்டும் ஏற்பட்டு ஒழுகாமல் இருந்தால் பணம் இல்லை என்னும் நிபந்தனையும் இப்படிப்பட்ட தாள்களில்தான் வந்து சேர்கின்றன.

கேள்வி: எங்களுடையது கான்கிரீட் தளம். புயல் எதுவும் இல்லை. சில ஆண்டுகளாகவே மழைக்காலத்தில் ஓதம் கட்டி, இப்போது பூச்சு பெயர்ந்து விழுகிறது, கம்பி தெரிகிறது. காப்பீட்டில் கேட்கலாமா?

பதில்: கேட்டாலும் கிடைப்பது கடினம் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். படிப்படியாக நேர்ந்த கசிவு, அரிப்பு, துரு ஆகியவை நேரடியாக விலக்கில் வருகின்றன. சில ஆண்டுகளாகவே என்று நீங்களே எழுதியிருப்பது, சேதம் திடீரென நேர்ந்ததல்ல என்பதற்குச் சான்றாகிவிடும்.

இதைவிட முக்கியமானது, உங்கள் தளத்தில் இப்போது நடந்துகொண்டிருப்பது. கான்கிரீட்டுக்குள் நீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும்போது துருவின் பருமன் இரும்பின் பருமனைவிடப் பல மடங்கு பெருகி, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. பிளவின் வழியே மேலும் நீர் இறங்குகிறது. கம்பி வெளியே தெரிகிறது என்றால் வெறும் பூச்சு வேலையோடு முடியாது. கட்டுமானப் பொறியாளர் ஒருவரை உடனே அழையுங்கள், அதுவரை அந்த அறையில் யாரையும் படுக்க விடாதீர்கள். வடிகுழாயின் வாயை இலை அடைத்துக்கொண்டு தளத்தில் நீர் தேங்குகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். தட்டையான தளங்கள் ஒழுகுவதற்கு மிக எளிய, மிகுதியாகக் கவனிக்கப்படாத காரணம் அதுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில பாலிசிகளில், தேய்ந்த கூரையைச் சரிசெய்யும் செலவு கிடைக்காவிட்டாலும், அதன் விளைவாகத் திடீரென்று உள்ளே நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு கிடைக்கும். வேறு சில, காற்றோ ஆலங்கட்டியோ கூரையில் ஒரு திறப்பை உண்டாக்கி அதன் வழியே மழை இறங்கியிருந்தால்தான் உள்சேதத்தை ஏற்கும். இரண்டில் உங்களுடையது எது என்பதை வாசகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: புயல் அடித்த மறுநாளே ஒருவர் வாசலில் வந்து, கூரையை இலவசமாகச் சோதிப்பதாகவும், டிடக்டிபிளைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும், ஒரு தாளில் கையெழுத்திட்டால் மீதியெல்லாம் தம் பொறுப்பு என்றும் சொன்னார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். அந்தத் தாள் பெரும்பாலும் உங்கள் இழப்பீட்டு உரிமையை அவருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரமாக இருக்கும். கையெழுத்திட்ட பின் நிறுவனத்தோடு பேசுவதும், வழக்குப் போடுவதும், பணத்தைப் பெறுவதும் அவர் கைக்குப் போய்விடும்; வேலை அரைகுறையாக நின்றால் வீடு மட்டும் உங்களுடையதாக மிஞ்சும். இத்தகைய பத்திரங்களால் வழக்குகள் பெருகியதால், ஃபுளோரிடா மாநிலம் 2023 தொடக்கத்திலிருந்து எழுதப்படும் வீட்டுக் காப்பீட்டுப் பாலிசிகளில் இந்த உரிமை மாற்றத்தையே தடை செய்துவிட்டது.

டிடக்டிபிளைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்வதன் பொருள், நிறுவனத்துக்கு அனுப்பும் விலைப்பட்டியலில் அந்தத் தொகையைக் கூட்டி எழுதுவார் என்பதுதான். அது பொய்க் கணக்கு; உங்கள் பெயரில், உங்கள் கோரிக்கையில் போகும் பொய்க் கணக்கு. கண்டுபிடிக்கப்பட்டால் கோரிக்கை முழுவதும் தள்ளுபடியாகலாம். இலவசச் சோதனை என்று அறிமுகமில்லாதவரைக் கூரையில் ஏற்றுவதும் வேண்டாம்; இல்லாத சேதத்தை அங்கேயே உண்டாக்கிக் காட்டுகிறவர்களும் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் வேலை செய்த, நாளை தேடினால் கிடைக்கக்கூடிய ஒருவரிடம் விலை கேளுங்கள். இரண்டு பேரிடம் கேட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: சூறாவளியில் கூரை பறந்தது, சில மணி நேரம் கழித்து வெள்ளமும் வீட்டுக்குள் புகுந்தது. வெள்ளத்துக்குக் காப்பீடு இல்லை என்று சொல்லி எல்லாவற்றையும் மறுக்கிறார்கள்.

பதில்: இதே வழக்கு மிகப் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் வளைகுடாக் கரையைத் தாக்கியபோது, வழக்கமான வீட்டுப் பாலிசிகளில் காற்றுக்குக் காப்பீடு இருந்தது, வெள்ளத்துக்கு இல்லை. விலக்கப்பட்ட ஒரு காரணம் வேறு எந்தக் காரணத்தோடு எந்த வரிசையில் சேர்ந்தாலும் பணம் இல்லை என்ற வாசகத்தை நிறுவனங்கள் காட்டின. ஆனால் காற்றால் முதலில் நேர்ந்த இழப்பு, பின்னால் வெள்ளம் வந்தது என்பதற்காக அழிந்துவிடாது என்று மிசிசிப்பி மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. மற்ற நாட்டு நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதன் தர்க்கம் உங்களுக்கு உதவும். கூரை பறந்தது வெள்ளம் புகுவதற்கு முன்பு என்பதை நேரத்தோடு நிறுவுங்கள். கைபேசியில் எடுத்த படங்களில் நேரம் பதிவாகியிருக்கும். அன்று இரவு உறவினருக்கு அனுப்பிய செய்திகளிலும் இருக்கும். வெள்ள நீர் எட்டாத உயரத்தில் உள்ள சேதத்தைத் தனிப் பட்டியலாக எழுதுங்கள். சுவரில் நீர்மட்டம் விட்டுச்சென்ற கோட்டை அழிப்பதற்கு முன் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள கூரையை வெள்ளம் தொட்டிருக்க வழியில்லை.

கேள்வி: பக்கத்து வீட்டு மரம் எங்கள் கூரையில் விழுந்தது. பணம் தர வேண்டியது அவர்களா, எங்கள் காப்பீடா?

பதில்: பொதுவாக உங்கள் காப்பீடுதான். நல்ல மரம் காற்றில் சாய்ந்தால் அதில் யார் தவறும் இல்லை. மரம் பட்டுப்போயிருந்தது, அதை வெட்டும்படி நீங்கள் முன்பே எழுதிக் கேட்டிருந்தீர்கள், அவர்கள் அசட்டையாக விட்டுவிட்டார்கள் என்றால் அவர்களுடைய பொறுப்பு எழும். உங்களுக்குப் பணம் தந்த நிறுவனமே அவர்களிடமிருந்து அதை வசூலிக்க முயலும். கட்டடத்தின் மேல் விழுந்த மரத்தை அகற்றும் செலவு பெரும்பாலும் ஒரு வரம்புக்குள் கிடைக்கும். எதன் மேலும் படாமல் முற்றத்தில் மட்டும் விழுந்த மரத்துக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

கேள்வி: அடுக்ககத்தின் மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். கூரை ஒழுகி என் பொருள்கள் நனைந்தன. யாரிடம் கேட்பது?

பதில்: கூரை பொதுச் சொத்து, அதைப் பழுதுபார்ப்பதும் அதற்கான காப்பீடும் வழக்கமாகக் குடியிருப்போர் சங்கத்தின் அல்லது கட்டட உரிமையாளரின் பொறுப்பு. அந்தக் காப்பீடு உங்கள் பொருள்களுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு வாடகைதாரருக்கான உடைமைக் காப்பீடு உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அது இல்லையென்றாலும், ஒழுகலைப் பற்றி முன்பே எழுத்தில் தெரிவித்தும் சரிசெய்யாமல் விட்டார்கள் என்று காட்ட முடிந்தால் உரிமையாளரிடம் நேரடியாக இழப்பீடு கேட்கலாம். இனி ஒழுகும் ஒவ்வொரு முறையும் வாய்ச்சொல்லாக விடாமல், நாளும் படமும் சேர்த்து எழுத்தில் தெரிவியுங்கள்.